உப்பு மிச்சம்

அன்புள்ள ஷோல்பனுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

நாம் பதிவு செய்திருந்த வீட்டைப் பார்க்க நேற்று மங்கிஸ்தாவ் பாலைக்குள் சென்றேன். 'நன்னீர் நகர்' என்று பெரிய பலகை. இறங்கியதுமே இடம் புரிந்துவிட்டது. அது 'உவர்க்கிணறு' என்று பெயர் கொண்ட பழைய இடம்தான். அந்த நீர் குடிக்க உதவாது என்று, இந்த வீடுகளைக் கட்டும் நிறுவனத்துக்கு முன்பு ஆய்ந்து எழுதித் தந்தவனே நான்.

விற்பனை மேலாளர் அய்தோஸ் போத்தல் நீரில் தேநீர் தயாரித்தான். குழாய் நீரில் போடச் சொன்னேன். பால் திரிந்தது.

"பேரை எதுக்குப்பா மாத்தினீங்க?"

"உங்க அறிக்கையப் படிச்சுட்டுத்தான், அண்ணே. உவர்னு போட்டா எவன் வாங்குவான்? நாமதான் டீயிலயே உப்புப் போட்டுக் குடிக்கிற ஆளுங்களாச்சே. உப்பு மிச்சம்னு வச்சுக்கங்க."

நான் கோபப்படவில்லை. பதிவை மட்டும் நீக்கிவிட்டு வந்தேன். ஆகவே இந்தக் குளிர்காலமும் நீ அங்கே ஊரில், நான் இங்கே வேலையிடத்தில். பெயரைப் பார்த்து நானே ஏமாந்ததுதான் வருத்தம்.

நம் வீட்டுத் தேயிலை கொஞ்சம் அனுப்பு. புது வீட்டுக்கென்று வாங்கிய திரைச்சீலைத் துணியை இன்னும் வெட்டவில்லை என்றால் வெட்டாதே. வெட்டிவிட்டாய் என்றால், அதை எனக்கு எழுதாதே.

கடிதம் கொண்டுபோகும் வண்டி ஒலியெழுப்புகிறது.

துலேகென்