சதவீதக் குறிக்குப் பின்னால்

செவ்வாய்க்கிழமை, மாலை

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மூவர் என்று எழுதியதைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போடலாம். அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் முழுக்க நீயும் நானும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தோம். “மதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு, தங்கள் கட்டுரையின் அச்சுப்படியை இத்துடன் அனுப்பியுள்ளோம்” என்று இதழின் தயாரிப்புப் பிரிவு பெயரில் வந்த மின்னஞ்சல்களெல்லாம் நான் தட்டியவை. அவற்றில் நீங்கள் என்று எழுதினேன். இதில் நீ என்று எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் தயங்காமல் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

என் வேலையைப் பற்றி அவன் உனக்குச் சொல்லியிருப்பான். மாடியில் நீளமாக ஒரே அறை, பதினொரு மேசை. குளிர்சாதனம் ஒன்று, அது என் தலைக்கு மேல் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளை லேடெக் என்ற மென்பொருளில் பக்கம் அமைத்துத் தருகிறோம். நீங்கள் எழுதிய இதழின் கிளாஸ் ஃபைல் நான் செய்தது. தலைப்பு எத்தனை பெரிதாக நிற்கவேண்டும், பெயர்கள் எங்கே வரவேண்டும், படத்துக்கு எவ்வளவு இடம் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை அடுக்குகிற ஸ்டைல் ஃபைலும் என்னுடையதே. ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவற்றை இறக்கிக்கொண்டு தங்கள் கட்டுரையை அதற்குள் ஊற்றி அனுப்புவார்கள். பாதிப் பேர் ஊற்றும்போதே சிந்திவிடுவார்கள். துடைப்பது எங்கள் பிழைப்பு.

உங்கள் கட்டுரை ஒரு திங்கட்கிழமை என் வரிசையில் வந்து நின்றது. மண்ணுக்குள் தண்ணீர் இறங்கும் வேகம் பற்றிப் பதினான்கு பக்கம். முதல் பெயர் உன்னுடையது, இரண்டாவது என் மகனுடையது. நாலு வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் என் திரையில் தடித்த எழுத்தில் நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் அங்கேயே நின்றது.

மறைத்து வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. நேராக மேலாளரிடம் போய், இது என் மகனும் மருமகளும் எழுதியது, வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். மருமகள் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல், “ஏங்க, சொந்தக்காரங்கன்னா ரெண்டு கமா கூடப் போட்டுருவீங்களா? செய்யுங்க, வியாழக்கிழமைக்குள்ள வேணும்” என்று சொல்லிவிட்டார்.

மேற்கோள் விவரங்கள் இருக்கும் பிப் ஃபைலைத் திறந்ததுமே நீ சேர்த்தது எது, அவன் சேர்த்தது எது என்று தெரிந்துவிட்டது. உன் பதிவுகளில் ஆண்டு, தொகுதி, பக்க எண் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவனுடையதில் பக்க எண் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறி. சின்ன வகுப்பில் பரீட்சைத் தாளில் பெயர் எழுத மறந்துவிட்டு வருகிறவன், எங்கே மாறப் போகிறான்? ஒரே கட்டுரையை இரண்டு தடவை சேர்த்திருந்தான், ஒன்றில் ஆசிரியர் பெயரில் எழுத்துப்பிழை. நான் தனியாக உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பெண் என்ன என்று கேட்டாள். மேற்கோள் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்றேன். அவள் பிறகு அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

இனி ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்லவேண்டும். உனக்கு ஆறு கேள்விகள் அனுப்பியிருந்தேன். நான்காவது நினைவிருக்கிறதா? இரண்டாம் பக்கத்தில் “எங்கள் முந்தைய ஆய்வில்” என்று எழுதி மூன்று பழைய கட்டுரைகளைக் காட்டியிருந்தாய். பட்டியலில் அந்த மூன்றிலும் முன்பெயர் உன்னுடையது, பின்பெயர் வேறு. இப்படி இருந்தால் ஆசிரியரைக் கேட்டே ஆகவேண்டும் என்பது எங்கள் விதி, அதனால் கேட்டேன். ஆனால் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னாலேயே எனக்கு விடை தெரியும்.

உன் முதல் கல்யாணம் முறிந்ததையும் உனக்கு அவனைவிட ஐந்து வயது கூட என்பதையும் எங்கள் வீட்டில் என்னென்னவோ பேசினோம். கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். நீயோ மறுநாள் காலையில் இரண்டே வரியில் பதில் அனுப்பியிருந்தாய். “அந்தப் பெயரும் நான்தான். அப்போது அப்படித்தான் அச்சானது, அப்படியே இருக்கட்டும்.” இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பதுபோல் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எனக்குச் சுருக்கென்றது.

அடுத்து எழுதப்போவதற்கு நீ என்மேல் கோபப்படலாம். லேடெக்கில் சதவீதக் குறி போட்டு எழுதினால் அந்த வரி அச்சில் வராது என்று உனக்குத் தெரியும். மூலக் கோப்பைத் திறக்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். அப்படிப்பட்ட வரிகளைப் படிக்காமல் நீக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் படித்துக்கொண்டே உட்காரவும் யாரும் சம்பளம் தரவில்லை. நான் உட்கார்ந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழாக, உன் முதலெழுத்தும் அவன் முதலெழுத்தும் மாறிமாறி வந்தன. “இந்தப் பத்தி எனக்கே புரியல” என்று அவன். “எழுதினதே நீதான்” என்று நீ. “பாப்பாவுக்கு ஊசி போட்டிருக்கு, இன்னிக்கு நீ தூக்கிக்கோ, அட்டவணையை நான் பாத்துக்கறேன்” என்று நீ. பாப்பா என்ற சொல்லில் என் கை நின்றுவிட்டது. அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் நன்றியுரையைப் பார்த்தேன். கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்த நாட்களில் பிறந்த எங்கள் மகளுக்கு, என்று போட்டிருந்தீர்கள். எனக்குப் பேத்தி பிறந்த செய்தியை நிதி உதவி எண்ணுக்குக் கீழே படித்தேன்.

மேற்கோள் பட்டியலுக்குச் சற்று முன்னால் இன்னும் சில வரிகள் இருந்தன. நான் நகலெடுத்து வைக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை.

“இந்த கிளாஸ் ஃபைல் அம்மா பண்ணது. ஃபைல் மேல அவங்க இமெயில் பாரு.”

“அப்ப இது அவங்க கைக்குப் போகுமா?”

“போனா போகட்டும்.”

“சொல்லணும்னா நேரா சொல்லேன்.”

“அவங்களா கேட்கட்டும். அன்னிக்கு அப்பா கத்தினாரு, அது அவர் குணம். அம்மா வாயே திறக்கலை.”

“அனுப்பறதுக்கு முன்னாடி இதையெல்லாம் அழிச்சிடு” என்று கடைசியில் மறுபடி அவன்.

யார் அழிக்க மறந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அவன் சொன்னது சரி. அன்றைக்கு அவன் அப்பா, அந்தப் பெண் வருவதாக இருந்தால் நீயும் வராதே என்று கத்தினார். நான் துணி உலர்த்த வேண்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அது ஏற்கெனவே உலர்த்தி எடுத்த துணி. கீழே இறங்கி வந்தபோது அவன் செருப்பு இல்லை. கோபத்தில் பேசியவரைப் பிறகு மன்னிக்க வழி உண்டு, அவர் என்ன சொன்னார் என்றாவது தெரியும். ஒன்றுமே சொல்லாதவளை எதற்கென்று மன்னிப்பது?

அந்த வரிகளை நீக்கிவிட்டுத்தான் கோப்பைக் காப்பகத்துக்கு அனுப்பினேன். இனி யாரும் பார்க்க முடியாது. உன் முகவரி அன்றைக்கே என் கையில் இருந்தது, ஆனால் அலுவலக வேலையில் கிடைத்ததைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நேற்று கட்டுரை வெளியாகிவிட்டது. அதன் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருப்பதால் இனி உன் முகவரி உலகத்துக்கே தெரிந்த முகவரி, அதனால் இன்று எழுதுகிறேன். மின்னஞ்சலாக எழுதினால் திருத்திக்கொண்டே இருப்பேன், தொழில் வியாதி. பேனா என்றால் எழுதியது எழுதியபடி போய்விடும்.

அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்கிறேன். குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? பால் குடிக்கிறாளா? யார் சாயல்? பிரசவத்தின்போது உனக்குத் துணைக்கு யார் இருந்தார்கள்?

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா

* * *

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும் புகைப்படமும் புதன்கிழமை வந்தன. கடிதம் போட்டு இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது, நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய். குழந்தையின் பெயரை ஒரு நாள் முழுக்க வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, கூப்பிட வசதியாகவும் இருக்கிறது. அந்த நெற்றி சந்தேகமில்லாமல் உன் மாமனார் நெற்றி. பாவம், என்ன செய்வது.

துணைக்குப் பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா இருந்தார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு என் நன்றியைச் சொல். அந்த இடத்தில் நான் இருந்திருக்கவேண்டும் என்று நீ எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கும் நன்றி.

வரிகளை அழிக்காமல் அனுப்பியது நீதான், மறதியால் அல்ல என்று எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். அவனுக்குத் தெரிந்தபோது இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அது அப்பாவிடமிருந்து வந்தது. ஆனால் அவர் கணக்கு ஒரு வாரம், இவன் பரவாயில்லை. பார்த்திராத ஒருத்தியை நம்பி அத்தனை வரிகளை விட்டுவைக்க உனக்குத் துணிச்சல் இருந்தது. எனக்கு அன்றைக்கு மாடிப்படி இறங்கி வரக்கூட அது இல்லை. அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்கிறாய். இருக்கட்டும், எடுத்துக்கொள்ளட்டும். நான் எடுத்துக்கொண்டது நாலு வருஷம்.

இனி இங்கே நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் புகைப்படத்தையும் கட்டுரையின் அச்சுப் பிரதியையும் உன் மாமனார் முன்னால் வைத்துவிட்டு, இந்தத் தடவை எங்கேயும் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்தேன். உங்கள் மகன், உங்கள் மருமகள், உங்கள் பேத்தி, என்று மூன்று பேரையும் சொன்னேன். என் மனதிலிருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. அவர் புகைப்படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு கட்டுரையை எடுத்தார். அவர் முப்பது வருஷம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். உங்கள் சமன்பாடுகளில் ஓர் எழுத்துகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் மூன்று நாள், காலையும் மாலையும் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். இடையில் ஒரே ஒரு கேள்வி. “இவன் பேரு ஏன் ரெண்டாவதா போட்டிருக்கு?” வேலையில் பெரும்பங்கு அவள் செய்தது, அதனால் அவள் பெயர் முதலில் என்றேன். “அப்ப சரி” என்றார்.

நேற்றுக் காலை ஒன்பதாம் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். நான்காவது படம். குழாயில் தண்ணீர் கீழிருந்து மேலே போவதுபோல் அம்பு போட்டிருக்கிறதாம். “வால்வு இந்தப் பக்கம் இருக்கு, பம்பே காணோம். அப்புறம் தண்ணி எப்படிடி மேல ஏறும்?” என்று கேட்டார். நானும் பார்த்தேன். எனக்கும் தப்பு என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் இருவர், மதிப்பீட்டாளர்கள் இருவர், நான், அத்தனை பேர் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. நேற்றிலிருந்து நடையே மாறிவிட்டது. சட்டைப்பையில் அந்தப் பக்கத்தோடுதான் திரிகிறார். எதிர்வீட்டுத் தையல்காரரிடம்கூடக் காட்டிவிட்டு வந்தார், என் மகன் எழுதினது என்று சொல்லி. தையல்காரர் என்னிடம் வந்து, உங்களுக்கு ஒரு மகன் இருக்கிறானா என்று கேட்டார்.

அம்பு தப்பு என்று உங்களுக்கு எழுதச் சொன்னார். நான் சொன்னேன் என்று போடாதே என்றும் சொன்னார். போட்டுவிட்டேன்.

தப்பாக இருந்தால் இதழில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடலாம். ஆசிரியர்கள் இருவரும் ஒப்புதல் தரவேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அவசரமில்லை. அம்பு சரியா தப்பா என்பதை மட்டும் அவனையே அப்பாவுக்கு ஒரு கடிதமாக எழுதச் சொல். எனக்கு எழுதாவிட்டால் பரவாயில்லை. தப்பு என்றால் ஒரு வரி போதும். தப்பு இல்லை என்றால் ஏன் இல்லை என்று விளக்கவேண்டியிருக்கும், இரண்டு மூன்று பக்கமாவது ஆகும். எத்தனை பக்கமானாலும் அவர் படிப்பார்.

குழந்தைக்கு என் முத்தம். நோய்நொடி இல்லாமல், நினைத்ததை அப்போதே வாய்விட்டுச் சொல்கிற பெண்ணாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை