ஆமத்தூர் தேவாசீர்வாதத்தின் ஆஸ்தி ஜாபிதாவும் அதில் சேராத சுவர்க்கடிகாரமும்

விடுநர்:
தே. ஞானஜோதி,
தொடக்கப் பள்ளி ஆசிரியை,
ஆமத்தூர், விருதுநகர் வழி.

பெறுநர்:
கனம் ஜில்லா நீதிபதி அவர்கள்,
இராமநாதபுரம் ஜில்லா கோர்ட், மதுரை.

பொருள்: காலஞ்சென்ற என் கணவரின் ஆஸ்தியை நிர்வகிக்கக் கடன் கொடுத்தவர் செய்த மனு – அவ்வுரிமையை மனைவியாகிய எனக்கே அளிக்கக் கோருதல் – ஜாபிதா தாமதமானதற்கு விளக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தேவாசீர்வாதம் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். சென்ற ஆண்டு காய்ச்சலில் இறந்தார். கம்பெனிகள் அவருக்குரிய பாக்கியைக் கோர்ட் உத்தரவு உள்ளவரிடமே தருவோம் என்றன. அந்த உத்தரவை நான்தான் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. காகிதம் கடனாகக் கொடுத்த சிவகாசி சங்கரலிங்கம் அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்தியைத் தாமே நிர்வகிக்க அனுமதி கேட்டுத் தங்கள் சமூகத்தில் மனுச் செய்தார்.

2. அதன் நோட்டீஸ், நான் பள்ளியில் இருந்தபோது வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது. எங்கள் தெருவில் கதவில் நோட்டீஸ் ஒட்டினால் அது ஜப்திதான். வேறு நோட்டீஸைத் தெரு கண்டதில்லை. நான் திரும்புவதற்குள், அண்டை வீட்டு ராக்காயி தலைமையில் கட்டில், பீரோ, அண்டா, குழாய் சுற்றும் கம்பிகள், சுவர்க்கடிகாரம் என எல்லாம் கொல்லை வழியே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டன. என்னைக் கேட்காமல் செய்தார்களே என்று கோபம் வந்தது. எனக்காகத்தானே செய்தார்கள் என்று அழுகையும் வந்தது.

3. மனைவிக்கே முதல் உரிமை, ஆனால் பொருள்களின் ஜாபிதாவைச் சத்தியம் செய்து தர வேண்டும் என்றார் நான் யோசனை கேட்ட வக்கீல். வெறும் வீட்டில் எதைப் பார்த்து எழுதுவது? கேட்டுப் போனால் யாரும் தரவில்லை. "கோர்ட்டுக்காரக வந்துட்டுப் போகட்டும் டீச்சரம்மா, பெறகு தாரேன்" என்று ராக்காயி என்னையே திருப்பி அனுப்பினார். உரிமையும் போய், பொருளை மறைத்தவள் என்ற பேரும் வந்துவிடுமோ என்று சோறு இறங்கவில்லை.

4. கடைசியில் சங்கரலிங்கம் அவர்களையே பார்த்து உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். மறுநாள் குடையும் கையுமாகப் பஸ்ஸில் வந்திறங்கித் தெரு நடுவே நின்றார். "நான் வீட்டக் கேக்க வரலைங்க. கம்பெனி பாக்கிய யாராச்சும் ஒருத்தர் வாங்கணும். டீச்சரே வாங்கட்டும், எனக்குச் சம்மதந்தான்" என்றார். பின்னால் ஜப்தி வண்டி ஏதும் வருகிறதா என்று தெரு எட்டிப் பார்த்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் திரும்பி வந்தன. அவருடைய சம்மதக் கடிதத்தை இணைத்துள்ளேன். பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

5. ஜாபிதாவும் இத்துடன் உள்ளது. அதில் கடிகாரம் இல்லை. என் கணவரின் கடிகாரம் பல ஆண்டுகளாக ஓடாதது. திரும்பி வந்ததோ ஓடுகிறது. பழையது தூக்கிப் போகையில் விழுந்து உடைந்திருக்க வேண்டும். இது யார் வாங்கியது என்று கேட்டால், ராக்காயி உட்பட எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். சத்தியம் செய்துவிட்டு இதை அவருடையது என்று எழுத எனக்கு மனமில்லை.

ஆகவே, என் தாமதத்தை மன்னித்து, நிர்வாக உரிமையை எனக்கு அளிக்கவும், இந்தக் கடிகாரத்தை ஆஸ்தியில் சேர்க்காமல், சொந்தக்காரர் வந்து கேட்கும்வரை எங்கள் சுவரிலேயே இருக்க அனுமதிக்கவும் மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்பதையும் சமூகத்திடம் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: ஆமத்தூர்
நாள்: 14-8-1962

சமூகத்தின் உத்தரவை நம்பியிருக்கும்,
(ஒப்பம்) தே. ஞானஜோதி