வானத்துக்கு எடை இல்லை

16.9.1999, வியாழன்

இன்றும் படம் போகவில்லை. ராஜபாளையம் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து வந்ததுதான் மிச்சம்.

வெளிநாட்டுத் தமிழர்கள் நடத்தும் இணையதளத்தில் போட்டி. தலைப்பு 'உழைப்பு'. படம் நானூறு புள்ளி அகலம், முந்நூறு புள்ளி உயரம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அது பிடிக்கும் இடம், அதாவது எடை, இருபது கேபிக்கு மேல் கூடாது. இந்த மாதம் முப்பது கடைசி நாள்.

என் படமோ நெட்டுக்குத்தாக எடுத்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி காயப்போடும் பெத்தம்மாள், இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்கிறாள். சென்டர் நடத்தும் சோலைராஜ் அதைக் கேட்ட அளவுக்குள் அமுக்கினார். பெத்தம்மாள் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டாள்.

"வெட்டிருவமா?" என்றார்.

மேலே வெட்டினால் கை போகிறது. கீழே வெட்டினால் கால். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

17.9, வெள்ளி

அண்ணன் கேமராவை விற்கப் போகிறானாம். துபாயிலிருந்து அவனே ஆசையாகக் கொண்டுவந்தது. பிளாப்பியில் படம் பதியும். "பிலிமும் கெடையாது, கழுவவும் முடியாது. இந்த ஊர்ல இத வச்சு என்ன செய்ய?" மதுரையிலிருந்து ஆள் அடுத்த மாதம் வருகிறார்.

தலாக் ஆகி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு நோன்பு கழிந்துவிட்டது. இங்கே என்னுடையது என்று ஒன்றும் இல்லை. கேமராவும் இல்லை. அந்தப் படம் மட்டும்தான்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்? தெரியவில்லை. விடப்போவதில்லை.

20.9, திங்கள்

சௌதா மதினியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மறுபடி சத்திரப்பட்டி போனேன். கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுத்தேன்.

"ஏட்டி, போன தடவ எடுத்ததுல எனக்கு என்ன கொற?" என்று பெத்தம்மாள் கேட்டாள்.

"ஒங்களுக்குக் கொற இல்ல. அவிய சொன்ன அளவுக்குள்ள நீங்க அடங்கல."

"நான் யாருக்குத்தான் அடங்கினேன்!"

21.9, செவ்வாய்

அகலம் சரி, உயரம் சரி. எடை ஐம்பத்தெட்டு கேபி. சோலைராஜ் தரத்தைக் குறைத்துக்கொண்டே போனார். இருபதுக்கு வந்தபோது பெத்தம்மாள் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. கண்ணே இல்லை.

"போதும்மா. சின்னப் படம்தானே, யாரு உத்துப் பாக்கப் போறா?"

யாரு பாக்கப் போறான்னா கேட்டாரு? நான் பாப்பேனே! வீட்டுக்கு வந்து மதினி முன்னால் அழுதுவிட்டேன். ச்சே.

23.9, வியாழன்

சென்டரில், பிளாப்பியில் கிடந்த மற்ற படங்களையும் அதே அளவுக்குக் குறைத்துப் பார்த்தேன். பிளவக்கல் அணைப்பக்கத்து மரங்கள் — ஐம்பதுக்கு மேல். மதினி மகள் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்பது — பதினொன்று!

ஒரே அளவுப் படம், எடை ஏன் வேறு?

பஸ்ஸில் வரும்போது புரிந்தது. சுவரில் ஒன்றுமே இல்லை. மரத்தில் அத்தனை இலை. பெத்தம்மாளுக்குப் பின்னால் வலை வலையாகத் துணி — அந்த நூலும் ஓட்டையும்தான் எடை. அப்படியென்றால், அவளுக்குப் பின்னால் வெறும் வானம் இருந்தால்?

24.9, வெள்ளி

மேகம். வெயில் இல்லாவிட்டால் துணி காயப்போட மாட்டார்கள்.

25.9, சனி

வெயில்!

"கேமரா கெட்டுப் போச்சுன்னா எவன் வாங்குவான்? எங்கயும் கொண்டுபோகாத" என்று அண்ணன் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். கேட்டுக்கொண்டேன். பொறவு எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். மதினி தடுக்கவில்லை; "வெரசா வந்துரு" என்றாள்.

காயும் துணிகளைப் பின்னால் விட்டுவிட்டு, பெத்தம்மாள் காலடியில் ஈரத் தரையில் மல்லாந்து படுத்தேன். புர்கா முழுக்கச் சேறு.

"கிறுக்கி, கீழ கெடந்து என்னத்தப் பாக்க?"

"ஒங்களத்தான். துணிய நல்லா ஒதறுங்க."

சிரித்துக்கொண்டே உதறினாள். பின்னால் வானத்தைத் தவிர ஒன்றுமில்லை.

27.9, திங்கள்

பதினாறு கேபி. முகம் உடையவில்லை. சோலைராஜே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்தார். போன் லைன் இரண்டு முறை அறுந்து, மூன்றாவதில் படம் போய்விட்டது.

14.10, வியாழன்

பரிசு இல்லை.

தேர்ந்தெடுத்த படங்களின் வரிசையில் இருக்கிறது. கீழே என் பெயர்: ஹபீபுன்னிசா, ஸ்ரீவில்லிபுத்தூர். சோலைராஜ் அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தந்தார். மதினி அதை அண்ணன் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நம்ம கேமராவா?" என்றான். சோறு படாமல் தாளை நகர்த்தி வைத்தான்.

19.10, செவ்வாய்

மதினி சொல்லிக் கேள்விப்பட்டு எங்கள் தெரு அசீனா மாமி வந்தாள். மகளுக்குக் கல்யாணம்.

"மருதாணி வைக்கிற அன்னைக்கு நீதான் படம் எடுக்கணும். ஸ்டூடியோக்காரன உள்ள விட மாட்டோம். பொம்பளையே எடுத்தாலும், பிலிமக் கழுவுறவன் அம்புட்டுப் பேரையும் பாப்பாம்லா?"

"இதுல கழுவுற வேலையே இல்ல மாமி. அன்னைக்கே டிவியில மாட்டி ஒங்களுக்குள்ள பாத்துக்கிடலாம்."

அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

7.11, ஞாயிறு

மருதாணிப் படம் எடுக்க இன்னும் இரண்டு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மதுரை ஆள் பேச்சை அண்ணன் எடுப்பதே இல்லை.

இன்று காலை, நான் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"வெள்ளிக்கெழம கூட்டாளி கடை தெறக்கான். செத்த நேரம் கேமரா கெடைக்குமா?"

"வெள்ளிக்கெழம எனக்கு வேலை இருக்கு. சனிக்கெழமன்னா எடுத்துக்கோ."

சரி என்று போய்விட்டான்.