ஒரே சேசிஸ் எண்ணில் இரண்டு ஆர்.எக்ஸ். 100 வண்டிகள்

அனுப்புநர்
வே. இசைவாணி (வயது 48),
க/பெ. வேலுச்சாமி,
திருத்தங்கல்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: எனது 1986-ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் பிரேமும் எஞ்சினும் எனக்குத் தெரியாமல் மாற்றப்பட்டது – என் மீதே குற்றம் சுமத்தப்பட்டுள்ளது – இரு வண்டிகளையும் அருகருகே நிறுத்தி ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் காரணம் கேட்பு அறிவிப்பு, நாள் 24.03.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் திருத்தங்கலில் உள்ள ஓர் ஆப்செட் அச்சகத்தில் இருபத்து மூன்று ஆண்டுகளாக நிறம் சரிபார்க்கும் பணி செய்து வருகிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள்களில் சிவப்பு ஒரு பொட்டு கூடினாலும் குறைந்தாலும் மிஷினை நிறுத்தச் சொல்வது என் வேலை. மேற்படி வண்டியை 2004-இல் என் சம்பளத்தில் வாங்கினேன். அன்றிலிருந்து வேலைக்குச் செல்வது, என் இரண்டு பிரசவங்களுக்குப் பிறகு தடுப்பூசிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோனது எல்லாம் அதில்தான். என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பின்னால்தான் அமர்வார்.

2. இம்மனுவில் நான் புகார் கூறும் ராஜபாண்டியன் விருதுநகரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவர். இருபது ஆண்டுகளாக அவரை நான் 'அண்ணே' என்றும், அவர் என்னைத் 'தாயி' என்றும் அழைத்து வந்தோம். என் மகளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவர் அவரே. இதை நான் எழுதக் காரணம், அவர் எனக்கு வெறும் மெக்கானிக் அல்லர் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதே.

3. பழைய ஆர்.எக்ஸ். வண்டி வாங்க விரும்புவோர் அது எந்த ஆண்டின் வண்டி, எதெல்லாம் அசல் என்று அறிய எங்கள் இருவரையும் தேடி வருவார்கள். சாத்தூர், ராஜபாளையம், கோவில்பட்டியிலிருந்தெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறைக்கு வண்டிகள் வரும். வெளிப்பார்வைக்கு ஆர்.எக்ஸ். 100-ம் பின்னர் வந்த 135-ம் ஒன்றுபோல இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைக் கோத்த, இன்று அதிக விலை போகும் தொடக்க கால வண்டிக்கும், பின்னால் எல்லாமே இங்கு வார்க்கப்பட்ட வண்டிக்கும் வேறுபாடு புதியவர் கண்ணுக்குத் தெரியாது. டேங்க்கின் நிறம், கோட்டு ஸ்டிக்கர், பக்க மூடி, மீட்டரின் எழுத்து ஆகியவற்றை நான் பார்ப்பேன். பிரேம், அதில் வெட்டியிருக்கும் சேசிஸ் எண், எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க் கேஸின் வார்ப்பு, சிலிண்டர் ஆகியவற்றை அவர் பார்ப்பார். இதற்காக நாங்கள் யாரிடமும் எதுவும் பெற்றதில்லை. எத்தனையோ பேர் ஏமாறாமல் தப்பியிருக்கிறார்கள்.

4. சென்ற தீபாவளி சீசன் முடிந்து வேலை ஓய்ந்த பின், 03.11.2025 அன்று எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்வதற்காக வண்டியை அவரிடம் விட்டேன். ரசீது கேட்கவில்லை. இருபது ஆண்டுகளில் ஒரு முறையும் கேட்டதில்லை. 29.11.2025 அன்று வண்டியைத் திரும்பப் பெற்றேன். டேங்க்கைப் பார்த்தேன், பக்க மூடியைப் பார்த்தேன், மீட்டரைப் பார்த்தேன். எல்லாம் என்னுடையவையாகவே இருந்தன. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

5. சில நாட்களில் இழுவையில் ஒரு மந்தமும், கால் மிதியில் பழக்கமில்லாத ஓர் அதிர்வும் தெரிந்தன. கேட்டதற்கு அவர், "இப்ப வார பெட்ரோலு அப்படி. வண்டிக்கும் நாப்பது வயசு ஆகப் போகுதுல்ல தாயி, ஒன்ன மாதிரி எளசா இருக்குமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று மாதங்கள் அந்த அதிர்வோடு ஓட்டினேன் ஐயா. குனிந்து பிரேமைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது அவர் பார்க்கும் இடம்.

6. பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 11.03.2026 அன்று தங்கள் அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டு வந்தேன். மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரின்ட் எடுத்துப் பார்த்து, எண் பிற்பாடு வெட்டப்பட்டது என்றும், பிரேமும் கிராங்க் கேஸும் பிற்காலத்து வண்டியினுடையவை என்றும் கூறி வண்டியை நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் தம் கடமையையே செய்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. அந்த இடத்திலேயே நான் குனிந்து பார்த்தேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. மற்றவர் வண்டியாக இருந்திருந்தால் பத்தடி தூரத்திலேயே சந்தேகப்பட்டிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பார்க்கும் இடங்களை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு, தாம் பார்க்கும் இடங்களை மட்டும் அவர் மாற்றியிருக்கிறார். என் கண் எங்கே போகும், எங்கே போகாது என்று அறிந்த ஒருவரால் மட்டுமே இதைச் செய்திருக்க முடியும். உலகத்தில் அப்படிப்பட்டவர் அவர் ஒருவரே.

7. மறுநாள் என் கணவருடன் பேருந்தில் பட்டறைக்குச் சென்றேன். சண்டையிடச் செல்லவில்லை. தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் சென்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலேயே, "நான் எதையும் மாத்தல. மூணு மாசமா நீதான ஓட்டுன? நீயே கண்டுபிடிக்கலன்னா அது அசல்தான தாயி?" என்றார். அப்போதும் தாயி என்றே கூறினார். என் கணவர் என் கையைப் பிடித்து, "வா, போவோம். இங்கன நிக்க வேண்டாம்" என்று அழைத்து வந்துவிட்டார்.

8. தங்கள் அலுவலகம் விசாரித்தபோது, 20.03.2026 அன்று ராஜபாண்டியன் எழுத்து மூலம் வாக்குமூலம் கொடுத்துள்ளார். நவம்பரில் தம்மிடம் வந்தபோதே வண்டி இந்நிலையில் இருந்தது என்றும், நான் பழைய வண்டிகளின் அடையாளங்களை நன்கு அறிந்தவள் என்றும், அச்சகத்தில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டிப் போலி வண்டி உருவாக்கக்கூடியவள் என்றும் அதில் கூறியுள்ளார். இதன் அடிப்படையிலேயே பார்வையில் கண்ட அறிவிப்பு எனக்கு வந்தது.

9. இதில் ஓர் உண்மையை நான் மறைக்க விரும்பவில்லை. 2018-இல் கிழிந்துபோன ஸ்டிக்கர்களுக்குப் பதிலாக நான்கு ஜோடி அச்சிட்டுக் கொடுத்தேன். கேட்டவர் ராஜபாண்டியன்தான். "பாவம், வயசான மனுசன், டேங்க் மொட்டையா நிக்கிதுன்னு வருத்தப்படுதாரு" என்று ஒரு வாடிக்கையாளருக்காகக் கேட்டார். யாரும் அசல் என்று விற்றுவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'மறுஅச்சு' என்று சிறிய எழுத்தில் சேர்த்தே அச்சிட்டேன். அவருக்காகச் செய்த அந்த உதவியே இன்று எனக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது.

10. அறிவிப்பு வந்த செய்தி அச்சகத்துக்கும் எட்டியது. போலி லேபிள் என்ற பேச்சு வந்தாலே ஆர்டர் தரும் கம்பெனிகள் விலகிவிடும் தொழில் இது. உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. "ஒங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லம்மா. ஆனா பேரு கெட்டா லோடு எடுக்க எவனும் வர மாட்டான். சரியானப்பறம் வாங்க" என்றார். சீசன் ஆர்டர்கள் தொடங்கும் இந்த மாதத்தில் நான் வீட்டில் இருக்கிறேன்.

11. இந்நிலையில் 03.04.2026 அன்று ராஜபாளையத்தைச் சேர்ந்த அசாருதீன் என்பவர், யாரோ என் எண்ணைக் கொடுத்ததாகக் கூறி, தாம் புதிதாக வாங்கிய ஆர்.எக்ஸ். வண்டியின் ஒன்பது படங்களை அனுப்பி, "அக்கா, இது அசலான்னு பாத்துச் சொல்லுவீகளா?" என்று கேட்டார். அவரை நான் முன்பின் அறியேன். டேங்க் பச்சை நிறம், எனக்குப் பழக்கமில்லாதது. ஏழாவது படம் வண்டியின் அடிப்பகுதி. 2011-இல் ஆலங்குளம் செல்லும் வழியில் என் வண்டியின் சென்டர் ஸ்டாண்டு முறிந்து, சிமென்ட் லாரிகளுக்கு வெல்டிங் செய்யும் ஒருவரிடம் ஒட்ட வைத்தேன். அவர் கோணலாக ஒட்டிய அந்த வெல்டிங் தழும்பு அப்படியே படத்தில் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கி மீண்டும் பார்த்தேன். பிறகு சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரின்ட் எடுத்து அனுப்புமாறு கேட்டேன். 2021 புதுப்பித்தலின்போது நான் எடுத்து வைத்திருந்த பிரின்ட்டுடன், அச்சுப் புள்ளிகளைப் பார்க்கும் சிறு பூதக்கண்ணாடியால் ஒப்பிட்டேன். எண்ணும் ஒன்றே, எழுத்தின் வெட்டும் ஒன்றே. ஏழின் கால் தேய்ந்திருப்பதும் ஒன்றே. தங்கள் அலுவலகத்தில் நிற்கும் வண்டியில் அதே எண் உள்ளது, ஆனால் அந்த ஏழு வேறு.

12. அசாருதீனிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அசல்தான் தம்பி. ஆனா அது என் வண்டி" என்றேன். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். ராஜபாண்டியனிடமிருந்து ஜனவரியில் வாங்கியதாகவும், ஆர்.சி. புத்தகம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போவதாகவும் பின்னர் கூறினார். வண்டியை மறைத்துவிடவோ வேறு ஊருக்குத் தள்ளிவிடவோ அவரால் முடிந்திருக்கும். அவர் கூறியது இதுவே: "நான் ஏமாந்தது ஏமாந்ததாவே இருக்கட்டும் அக்கா. வண்டிய எங்கன கொண்டாரணும்னு மட்டும் சொல்லுங்க." இருபது ஆண்டுப் பழக்கம் எனக்குச் செய்யாததை, முகம் தெரியாத ஒருவர் ஒரே பேச்சில் செய்தார். அவரது கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

எனவே தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது:

அ) தங்களிடம் உள்ள வண்டியையும் அசாருதீன் கொண்டு வரும் வண்டியையும் ஒரே நாளில் அருகருகே நிறுத்தி, இரண்டின் எண்களையும் 2021 கோப்பில் உள்ள பிரின்ட்டுடன் ஒப்பிட்டு ஆய்வு செய்ய வேண்டும்.

ஆ) ஆய்வு முடியும் வரை பதிவை ரத்து செய்யும் நடவடிக்கையை நிறுத்தி வைக்க வேண்டும். நான் பணிக்குத் திரும்ப ஏதுவாக, குற்றம் உறுதி செய்யப்படவில்லை என்ற ஒரு வரிக் கடிதமேனும் வழங்க வேண்டும்.

இ) தாமாக முன்வந்த அசாருதீன் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. வண்டி எனக்குத் திரும்பக் கிடைப்பதை விட இதையே நான் முக்கியமாகக் கேட்கிறேன்.

ஈ) ஆய்வு நாளன்று ராஜபாண்டியனையும் வரவழைக்க வேண்டும். வாக்குமூலம் எதுவும் படிக்க வேண்டாம். இரண்டு வண்டிகளின் முன் அவரை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத் தேடி வந்தவர்கள் கேட்ட அதே கேள்வியைத் தாங்கள் கேட்டால் போதும்: இதில் எது அசல்? அவருக்குத் தெரியும் ஐயா. தவறாகச் சொல்ல அவர் கைக்கும் கண்ணுக்கும் வராது. நான் அருகில் நிற்பேன். ஒரு சொல்லும் பேச மாட்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் சொல்லட்டும்.

தங்கள் அழைப்பாணைக்காகக் காத்திருக்கிறேன்.

இடம்: திருத்தங்கல்
நாள்: 13.04.2026

இப்படிக்கு,
(ஒப்பம்)
வே. இசைவாணி

இணைப்பு: பதிவுச் சான்று நகல், 2021 பென்சில் பிரின்ட், அசாருதீன் அனுப்பிய ஒன்பது படங்களும் பென்சில் பிரின்ட்டும் அவரது கடிதமும், 'மறுஅச்சு' என்று அச்சிட்ட ஸ்டிக்கரின் மாதிரி ஒன்று.