ரிவெட் தலைகளில் பட்டாணிப் பருப்பு

மார்ச் 12, செவ்வாய்.

அருங்காட்சியகத்தில் இன்று எனக்குச் சோதனைச் சுற்று. தேறினால் வழிகாட்டி வேலை நிரந்தரமாகும். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் முன்னால் நின்று, மேலாளர் எழுதித் தந்ததைப் பார்வையாளர்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் வடிவமைத்தவரின் மேதைமை மட்டுமே இருந்தது. தகடு அடித்த ஒருவர்கூட இல்லை.

தாளை மடித்து வைத்துவிட்டு, லண்டன் ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கிய பட்டாணிப் பருப்பை எடுத்தேன். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளைத் தலை வெளியே நீட்டாமல் மட்டமாக அடித்தால் வேகம் கூடும், வேலையும் கூடும் என்றேன். எளிதாக அடிக்கக்கூடிய குமிழ்த் தலை எங்கே போதும் என்று அறிய, அந்தக் காலத்தில் சோதனை விமானம் ஒன்றின் மட்டமான தலைகளின் மேல், குமிழ்போல இருக்கப் பாதிப் பட்டாணிகளைத் தொழிலாளர்கள் ஒட்டினார்கள். பறக்கவிட்டு வேகத்தை அளந்து, வரிசை வரிசையாகச் சுரண்டி எடுத்து மறுபடி அளந்தார்கள்.

காவலுக்கு நின்ற செல்வம் அண்ணை என் காதருகே வந்தார். "பிளேனுக்கும் பருப்புக் கறியோ தங்கச்சி? உனக்கு வேலை கிடைச்ச மாதிரித்தான்!"

"சிரியுங்கோ அண்ணை. நான் நிறுத்த மாட்டன்."

பிறகு மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு, "ஒட்டியவர்களின் பெயர் என்ன?" என்று மடக்கப் பார்த்தார்.

"நான் படித்த எதிலும் அவர்களின் பெயர் என் கண்ணில் படவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்" என்றேன்.

முடிவு வெள்ளிக்கிழமையாம். வேலை கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் பேசி முடிக்கும்வரை பார்வையாளர் ஒருவரும் அடுத்த கூடத்துக்கு நகரவில்லை. அதை மேலாளரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.