எரிமலை இல்லாத கவிதை

அன்பு அத்தான்,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முல்லைத்தீவிலிருந்து உயிர் தப்பி வந்து, அக்காவைக் கட்டிக்கொண்டு, கிள்ளானில் லோரி ஓட்டிய நீங்கள் வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு கவிதை. அதையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை.

போன ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் இலக்கியச் சங்கத்தார் போர் நினைவுக் கவிதைகளை வாசித்தார்கள். புத்தகமாகவும் போடப்போகிறார்களாம். உங்களுடையதைச் சங்கச் செயலாளரே வாசித்தார். பின்னணியில் வயலின் வேறு. அவர் இதுவரை கேட்ட ஆகப் பெரிய வெடிச்சத்தம் தீபாவளிப் பட்டாசாகத்தான் இருக்கும். ஆனாலும் அழுதார். கைக்குட்டையை முன்கூட்டியே மடித்து வைத்திருந்தார்.

நீங்கள் எழுதியது இவ்வளவுதான்:

சாப்பாட்டு நேரம் பார்த்து வரும் விருந்தாளி போல
ஷெல் வந்தது. அம்மா பானையை மூடினாள்.
அன்றிரவு சோறு மிஞ்சியது.

அவர் வாசித்ததில் எரிமலை போல் எமன் வந்தான். அன்னையின் விழிகள் குருதிக் கடலாயின. சோற்றைக் காணோம்.

இறங்கி வந்தவரைப் பிடித்துக் கேட்டேன். "யுத்தக் கவிதையில பானை, விருந்தாளின்னு... காமெடியா இருக்கு லா. கொஞ்சம் கனம் ஏத்தினேன்" என்றார்.

"சோறு ஏன் மிஞ்சிச்சுன்னு யோசிச்சீங்களா?"

"யாருக்கும் பசிக்கலையோ என்னவோ."

இந்த ஆளை என்ன செய்வது, அத்தான்? உங்கள் அப்பாவும் தம்பியும் அந்தப் பகலில் செத்துப்போனதைச் சொல்ல உங்களுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. போரை நீங்கள் மதிக்கவே இல்லை. கூப்பிடாமல் வந்து பந்தியில் உட்காருகிறவனைப் போல இளக்காரமாகத்தான் பார்த்தீர்கள். இவரோ அதற்கு எரிமலை, எமன் என்று பட்டம் கொடுத்து மாலையும் போட்டுவிட்டார்.

அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள். மேடையில் தனக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "எரிமலை உங்களுது. உங்க பேர்லயே போட்டுக்குங்க. அவர் பேரை எடுத்துடுங்க" என்றாள்.

கார்வரை பின்னாலேயே வந்தார். "ஈழத்துக்காரர் பேர் இருந்தாத்தானே அக்கா புத்தகத்துக்கு எடுப்பு?"

அக்கா கார் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். அவளிடம் கைக்குட்டைகூட இல்லை.

உங்கள் திவசத்தன்று கிள்ளான் வீட்டில் நானே வாசிக்கிறேன். வயலின் இருக்காது, குரலை உயர்த்தவும் மாட்டேன். விருந்தாளி வரும்போது யாராவது சிரித்தால், அடுத்த வரி வரைக்கும் அவர்களைச் சிரிக்க விடுவேன்.

நீங்கள் வாயாடி என்று கூப்பிட்ட,
உங்கள் கொழுந்தியாள்