கட்டி இல்லை என்று காட்டிய நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று அலமாரியை ஒழிக்கும்போது உங்கள் பழைய உறை கையில் அகப்பட்டது. உள்ளே இரண்டு ஸ்கேன் படங்கள். தாள் வெளுத்துப்போய், கல்லீரலின் ஓரம் மட்டும்தான் மங்கலாகத் தெரிகிறது. அதனால் என்ன, அதில் இருந்ததைப் பார்க்காமலே என்னால் சொல்ல முடியும். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட அவகாசமில்லை என்று உங்கள் மகள் போனில் சொன்னாள்.

2001இல் பெரம்பலூரில் நான் ஸ்கேன் மையம் திறந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து நாத்தனாரோடு பஸ்ஸில் வந்தீர்கள். வயிற்றுவலிக்காக வேறு ஊரில் எடுத்த ரிப்போர்ட்டை மேசையில் வைத்தீர்கள். கல்லீரலின் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு கட்டி, ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது.

“ஊசிக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துடலாம்னு வந்தேன் டாக்டரம்மா. வர்ற வெள்ளிக்கிழம மகளுக்கு நிக்காஹ். அது முடிஞ்சுட்டா எது வந்தாலும் வரட்டும்.”

“மகள் என்ன செய்யறாங்க?”

“காலேஜ் மொத வருசம். படிப்ப நிறுத்தியாச்சு. நான் இருக்கிறப்பவே ஒருத்தர் கையில புடிச்சுக் குடுத்துடணும்ல.”

உங்கள் கணவரும் சவூதி வேலையை விட்டுவிட்டுக் கிளம்பப்போகிறார் என்று நாத்தனார் சொன்னார்.

உங்களிடம் ஒருநாளும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உங்களைப் படுக்கவைத்து ஸ்கேன் கருவியை வைத்ததும், முதல் பார்வையில் எனக்கும் அது கட்டியாகத்தான் பட்டது. உருண்டையாக, வெள்ளையாக, அந்த ரிப்போர்ட் சொன்ன அதே இடத்தில். ‘ஆமாம்’ என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த இடம் என்னைத் தயங்கவைத்தது. வயிற்றின் குறுக்கே வைத்திருந்த கருவியை நெடுக்காகத் திருப்பினேன். உருண்டை நீண்டது. தொப்புளை நோக்கி இறங்கும் தடித்த வெள்ளைக் கயிறாயிற்று. மறுபடி குறுக்கே வைத்தேன், உருண்டை. நெடுக்கே, கயிறு.

“எதுக்குத் திரும்பத் திரும்பப் பாக்குறீங்க? பெருசாயிருச்சா?”

“கட்டியே இல்லீங்க.”

நீங்கள் சந்தோஷப்படவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து, “ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. எனக்குக் காட்டுங்க” என்றீர்கள்.

திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன். தாய் வயிற்றில் இருக்கும்போது அவளிடமிருந்து ஊட்டம் சுமந்த ரத்தம் தொப்புள் வழியாகக் கல்லீரலுக்கு வந்த குழாய்தான், பிறந்தபின் மூடிக்கொண்டு இந்தத் தசைநாராகிறது என்றேன். எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே மாதிரி இருக்காது. சிலருக்கு நூலாக மெலிந்திருக்கும். அபூர்வமாக ஒருவருக்கு வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். உங்களுக்கு அதைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து தடித்திருந்தது. குறுக்கே மட்டும் பார்த்தால் அசல் கட்டிதான்.

வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப இது எங்கம்மா வுட்ட கயிறு” என்றீர்கள். அப்புறம்தான் அழுதீர்கள்.

முன்னறையிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டீர்கள். அவர் கத்தியது எனக்கே கேட்டது. “பெரம்பலூர்ல யாரோ ஒரு டாக்டர் சொல்றத நம்பி நிக்காஹ நிறுத்துவியா?”

“அவங்க சொன்னத நம்பலண்ணே. என் கண்ணால பாத்துட்டேன். நிக்காஹ் இப்ப வேணாம். புள்ள படிக்கட்டும்.”

திருச்சிக்குப் போய் சி.டி. ஸ்கேனும் எடுத்துவிடுங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் வீட்டார் நம்ப ஒரு பெரிய ஊர் ரிப்போர்ட் தேவைப்பட்டது. அதுவும் கட்டி இல்லை என்றது. வலி வெறும் வயிற்றுப்புண், மருந்தில் ஆறிவிட்டது. உங்கள் கணவர் வேலையை விடவில்லை. மகள் படித்து முடித்து இப்போது அரியலூரில் கணக்கு டீச்சர்.

அதன்பின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்தவர்களை எல்லாம் நீங்களே கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தீர்கள். ரெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்து, “இவங்களுக்கும் திருப்பிப் பாருங்க” என்றது நினைவிருக்கிறது. திருப்பினேன். நீளவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது உருண்டையாகவே நின்றது. என் முகத்தைப் பார்த்தே உங்களுக்குப் புரிந்துவிட்டது. “அவங்களுக்கும் காட்டுங்க டாக்டரம்மா. மறைக்காதீங்க” என்று மெதுவாகச் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். சீக்கிரம் தெரிந்ததால் அறுவை செய்ய முடிந்தது. அவர் திருச்சியில் படுத்திருந்த நாட்களில் துணைக்கு நீங்களும் போய் இருந்தீர்கள்.

கருவியைத் திருப்பிப் பார்ப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. உங்களிடம் நான் கற்றது வேறு. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டதும் என் வேலை முடிந்தது என்றிருந்தேன். அந்த வரி பஸ் ஏறி ஒரு வீட்டுக்குப் போகிறது, அங்கே ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துகிறது என்பது நீங்கள் வரும்வரை எனக்குத் தெரியாது. அதனால் ரிப்போர்ட்டோடு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் ஒன்று கேட்கிறேன்.

நேற்று மீன்சுருட்டியிலிருந்து ஒரு விவசாயி இதேபோல் ஒரு ரிப்போர்ட்டோடு வந்திருந்தார். “இதக் கேட்டு வூட்ல என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?” என்றேன்.

“மகன மெட்ராஸ் வேலைய வுட்டுட்டு வரச் சொல்லிட்டேங்க. நாளைக்குக் கெளம்புறான்.”

“இன்னைக்கே போன் பண்ணி அங்கேயே இருக்கச் சொல்லுங்க. முதல்ல நான் பாக்குறேன். படுங்க” என்றேன்.